வலிக்காக ஏங்கிய கை

அளந்து பேசுங்கள் என்று அன்போடும், அதிகம் பேசாதீர்கள் என்று கண்ணாலும் சொல்லிவிட்டு நடுநாயகமாக அமர்ந்திருக்கும் இந்த ஆலைச் சங்கத்தின் தலைவி அவர்களே! முப்பது ஆண்டுகள் துணி வெட்டும் கத்தியோடு வாழ்ந்தும் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கும் மூத்தவர்களே! ஊருக்கெல்லாம் உடை தைத்துக் கொடுத்துவிட்டு, சொந்தப் பிள்ளையின் கிழிசலைத் தைக்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் கதவோரம் நின்றாலும் காதை மேடையில் வைத்திருக்கும் பேக்கிங் பிரிவுத் தோழர்களே! நாளைக் காலை இதே கூடத்தில் உங்கள் தோலையும் நரம்பையும் தொட்டுப் பார்க்க வந்திருக்கும் மருத்துவக் குழுவினரே! உங்கள் எல்லோர் முன்னும் என் தலை தாழ்கிறது.

நோய்க்கிருமியைப் பற்றிப் பேசுவதற்குப் பக்கத்து ஆலைச் சங்கச் செயலாளன் எதற்கு என்று இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா கேட்பது எனக்குக் கேட்டுவிட்டது. நியாயமான கேள்வி அம்மா. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. மைக்கைப் பிடித்தால் விடாதவன், அவ்வளவுதான். ஆனால் இந்த மேடையில் இருக்கும் எவருக்கும் இல்லாத ஒரு தகுதி எனக்கு உண்டு. ஒரு கிருமி ஒரு நல்ல மனிதரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தபோது, அந்தக் கிருமிக்குக் கூடமாட நின்று வேலை செய்தவன் நான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. எங்கள் ஆலையின் இஸ்திரிப் பிரிவில் பதினாறு மேசைகள். கூரையிலிருந்து தொங்கும் பதினாறு நீராவிக் குழாய்கள். வெளியே மழை பெய்தாலும் சரி, பனி பெய்தாலும் சரி, உள்ளே நிற்பவர் சட்டை வேர்வையில் நனைந்துதான் இருக்கும். அங்கே நான்காவது மேசை ஒருவருடையது. காலர் என்றால் அவர் கையில்தான் நிமிரும். மடிப்பு என்றால் அவர் கையில்தான் மடங்கும். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துணியின் ஓரத்தை விரல்களுக்கு நடுவே கொடுத்தால் போதும், இது பாப்ளின், இது சாட்டின், இது இரண்டு முறை அலசிய பருத்தி என்று சொல்லிவிடுவார். நெசவாலைக்காரர்களே வாயைப் பிளப்பார்கள். அவர் மனைவியும் எங்கள் ஆலையில்தான், மடிப்பு மேசையில் இருந்தார். கணவர் தேய்த்த சட்டை மனைவி கைக்குப் போகும். பத்து ஆண்டுக் காதல் முழுக்க அந்தச் சட்டைகளில்தான் போய் வந்தது என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒருநாள் பக்கத்து மேசையின் இஸ்திரிப் பெட்டி, கொதிக்கக் கொதிக்க, தாங்கியிலிருந்து நழுவியது. கீழே குனிந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகை நோக்கி விழுந்தது. நம் மனிதர் இடது கையை நீட்டினார். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தால் அதைத் தடுத்தார், தாங்கினார், தூக்கி மறுபடியும் மேசையில் வைத்தார். "பாத்தும்மா" என்றார். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. ஒரு சொட்டு "ஆ" இல்லை. தோல் வெந்து வெளுத்துப் போயிருந்தது. அவரோ அடுத்த சட்டையை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார்!

ஆலையே எழுந்து நின்று கை தட்டியது. சும்மா இருப்பேனா நான்? அந்த வாரமே நடந்த ஆண்டு விழா மேடையில் அவரை அழைத்தேன். பரிசுக் கோப்பை கொடுத்தேன். "இவர் உடம்பில் ஓடுவது இரத்தமா, இரும்புக் குழம்பா? இவர் கை தோலா, தோல்வியறியாத துணிவா? இன்று முதல் இவர் நெருப்பண்ணன்!" என்று முழங்கினேன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று வரை நெருப்பண்ணன்தான். நான் வைத்த பெயர். இதோ, இந்த வாய் வைத்த பெயர்.

கை தட்டாதீர்கள், தயவுசெய்து. இது கை தட்ட வேண்டிய இடம் இல்லை.

விழா முடிந்த அன்று இரவு, வீட்டில் அவர் மனைவி இன்னும் ஆறாத அந்தக் காயத்துக்கு மருந்து போட்டார். அப்போது அவர் நான்கு மாதக் கர்ப்பிணி. பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார்.

"வலிக்குதான்னு கேட்டேன் அண்ணே. இல்லைன்னாரு. பஞ்சை வெச்சு அழுத்தினேன். அப்பவும் சிரிக்கிறாரு. இவ்வளவு பெரிய புண்ணு, ஏன் வலிக்கலைன்னு கேட்டேன். 'நான் நெருப்பண்ணன்டி, தெரியாதா?'ன்னாரு. ஆலை மொத்தமும் வலிக்கலைன்னு கை தட்டுச்சு. ஏன் வலிக்கலைன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணலையே அண்ணே!"

தோழர்களே, தாய்மார்களே! ஐந்நூறு பேர் வேலை செய்த ஆலையில், மேடை போட்டு முழங்கிய என்னையும் சேர்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரே ஒருவர். டாக்டரிடம் போகலாம் என்று அவர் கெஞ்சினார். கோப்பை வாங்கிய மனிதர் போவாரா? வலிக்கிறது என்றால் டாக்டரிடம் போகலாம். வலிக்கவில்லை என்று யாராவது டாக்டரிடம் போவார்களா? நீங்கள் போவீர்களா? நான் போவேனா?

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. குட்டி என்று கூப்பிட்டார்கள். அந்த மனிதர் அடைந்த ஆனந்தத்தை அளக்க எந்த அளவுநாடாவும் போதாது. ஆலைச் சங்கு ஊதினால் முதல் ஆளாக வாசலைத் தாண்டுவார். "என்ன அவசரம்?" என்றால், "குட்டிக்கு விரல் முளைச்சிருக்கு, பாக்கணும்" என்பார். முளைத்துத்தான் பிறந்தது, ஆனால் அவருக்கு அது தினமும் புதிதாக முளைத்தது!

குழந்தைக்கு இரண்டு மாதம். ஒரு விடுமுறைக் காலை. இன்றைக்கு நான்தான் குளிப்பாட்டுவேன் என்று அடம்பிடித்தார். வெந்நீரும் தண்ணீரும் கலந்தார். குழந்தை வலது கையில் இருந்தது. இடது கையின் வெளிப்புறத்தைத் தொட்டியில் நனைத்துப் பார்த்தார். இதமாகத்தான் இருந்தது. குழந்தையின் காலைத் தண்ணீரில் இறக்கினார்.

அந்தக் குழந்தை வீறிட்டது. மனைவி ஓடி வந்தார், பிள்ளையைப் பறித்தார், தொட்டியில் கை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார்.

"கொதிக்குதுங்க!"

"இல்லையே... நான் தொட்டுப் பாத்தேனே..."

குழந்தையின் குதிகால் சிவந்துவிட்டது. நான்கு நாளில் ஆறிவிட்டது, பயப்படாதீர்கள் அம்மா, தழும்புகூட இல்லை. ஆனால் அந்தத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தகப்பன் தன் இடது கையின் அந்த வெளி ஓரத்தைத் திரும்பத் திரும்ப அந்த நீரில் விட்டு எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் விட்டார். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் நெருப்பண்ணன் வாழ்நாளில் முதல் முறையாகப் பயந்தார்.

மறுநாள் தோல் மருத்துவமனை. டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார்.

"பேனா முனையால தொடுவேன். எங்க தொடுறேனோ அங்க விரலால காட்டணும். சரியா?"

"சரிங்க டாக்டர்."

நேரம் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மரியாதையாகக் கேட்டார்:

"எப்ப டாக்டர் தொடப் போறீங்க?"

சுவரோரம் நின்ற மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். டாக்டரம்மா அதற்குள் ஆறு இடங்களில் தொட்டு முடித்திருந்தார்.

தொழுநோய்.

பாருங்கள், அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் இந்தக் கூடத்தில் எத்தனை பேர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தீர்கள்! உங்களைக் குறை சொல்லவில்லை. நான் எழுந்தே ஓடியவன்.

சரி, அந்தக் கிருமி எப்படிப்பட்டது? கேளுங்கள். கிருமிகளில் ஆர்ப்பாட்டக்காரர்கள் உண்டு. காலரா வருகிறதா? குடலில் ஒட்டிக்கொள்ளும், அரை மணிக்குள் இரண்டாகும், இரண்டு நான்காகும். தன் நஞ்சைக் கக்கிக் குடலின் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு, உடம்பின் நீரை ஒரே நாளில் வடித்துவிடும். காய்ச்சல் வைரஸ் வருகிறதா? நம் செல்லுக்குள்ளே புகுந்து, நம் செல்லையே ஆலையாக்கி, தன்னைப் போல ஆயிரம் படிகளை அடித்துத் தள்ளும். டெட்டனஸ் என்கிற இரணஜன்னிக் கிருமி புண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு நஞ்சை மட்டும் நரம்பு வழியே அனுப்பித் தாடையைப் பூட்டிவிடும். இவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள். வந்தது தெரியும். உடம்பு கத்தும். நாமும் கத்துவோம்.

தொழுநோய்க் கிருமியோ சத்தமே போடாது. ஒன்று இரண்டாக அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும்! இத்தனை சோம்பேறியை நம் ஆலையில் ஒருநாள் வைத்திருப்போமா? மருந்து எடுக்காத ஒரு நோயாளியின் மூச்சோடு வெளியே வந்து, மாதக்கணக்கில் கூடவே இருந்தவரின் மூக்கு வழியே உள்ளே போகும். போய் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, சிலரிடம் இருபது ஆண்டுகூட அடையாளமே காட்டாது. உடம்பில் எங்கெங்கே குளிர்ச்சியோ அங்கங்கே குடியிருக்கும். காது மடல், மூக்கு, கை, கால், தோலை ஒட்டி ஓடும் நரம்பு.

எல்லோரும் முழங்கையை மடக்குங்கள். உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதா? அங்கே எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாயுமே, அந்த இடம்தான். ஆமாம் தம்பி, அதேதான். அங்கே ஓடும் நரம்புதான் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல, நரம்புக்கு மேலே உறை போலச் சில செல்கள் சுற்றியிருக்கின்றன. இந்தக் கிருமி அந்த உறைக்குள்ளே புகுகிறது. காக்க இருக்கும் செல்லையே கூடாக்கிக்கொள்கிறது. உறை உரிகிறது. நரம்பு தடிக்கிறது. பின்னால் ஒருநாள் உடம்பின் காவல் படை கண்டுபிடித்து உள்ளே பாயும்போது, அந்தச் சண்டையின் வீக்கத்திலேயே நரம்பு நசுங்குகிறது. கிருமி பாதி கெடுக்கிறது. கிருமியை விரட்டும் கோபம் மீதியைக் கெடுக்கிறது!

அதற்குப் பிறகு அந்தக் கைக்கு நெருப்பும் ஒன்று, நீரும் ஒன்று. முள்ளும் ஒன்று, முத்தமும் ஒன்று. இந்தக் கிருமி விரலைத் தின்பதில்லை அம்மா, அது கட்டுக்கதை. வலியைத்தான் தின்கிறது. வலி போன பிறகு வெந்ததும் தெரியாமல், வெட்டியதும் தெரியாமல், அந்த மனிதரே தன் விரலைத் தொலைக்கிறார்.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பினார். "பன்னெண்டு மாசம் மாத்திரை. கிருமி செத்துடும். ஆரம்பிச்ச சில நாள்லயே உங்ககிட்டேர்ந்து யாருக்கும் பரவாது. குழந்தையைத் தாராளமாத் தூக்கலாம். வலது கை நரம்புல இப்பதான் வீக்கம் தொடங்கியிருக்கு, அதுக்குத் தனியா மாத்திரை தர்றேன், திரும்ப வாய்ப்பிருக்கு. இடது கை... அது ரொம்ப நாளாச்சு. பாக்கலாம்."

இப்போது என் பங்கு வருகிறது. அவர் என்னிடம் வந்தார். சங்கச் செயலாளர் ஆயிற்றே, சில நாள் விடுப்புக்கு வழி சொல்லட்டும் என்று வந்தார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்றார். நான் பொருளாளரிடம் மட்டும் சொன்னேன். பொருளாளர் தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். இப்படி ஒவ்வொருவரும் ஒருவரிடம் மட்டும் சொல்லிச் சொல்லி, மூன்றாவது நாள் ஆலைக் காவலாளியின் நாய்க்கு மட்டும்தான் சொல்ல வேண்டியிருந்தது. கிருமி பரவுவதற்கு ஆண்டுக்கணக்கு தேவைப்பட்டது. என் வாய்க்கு மூன்று நாள் போதுமாக இருந்தது.

தண்ணீர்ப் பானைப் பக்கம் அவருடைய டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. நான்காவது மேசையைச் சுற்றி இடம் காலியானது. அவர் காப்பாற்றினாரே, அந்தப் பெண்கூடக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். அறுபத்துநான்கு பேர் கையெழுத்திட்ட ஒரு மனு என் மேசைக்கு வந்தது. "அவரை ஆலைக்குள் விடக்கூடாது." சங்கத்தின் முத்திரை வேண்டும் என்றார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கிழித்தெறிந்திருக்க வேண்டும். டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். மைக்கைப் பிடித்து முழங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர் கையைப் பிடித்துக் குலுக்கியவன் நான். பயந்தேன், தோழர்களே. அறுபத்தைந்தாவது கையெழுத்தை நான் போட்டேன். முத்திரையைக் குத்தினேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் என்னைப் பார்த்து, "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னா விஷயம் பெரிசுதான் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அது கோபம் என்று நினைத்தேன். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது நம்பிக்கை!

நான்கு மாதம் போயிற்று. ஒரு நண்பகல். சங்க அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நெருப்பண்ணன் மனைவி உள்ளே வந்தார். இடுப்பில் குழந்தை. என்னிடம் ஒன்றும் கேட்காமல், குழந்தையை என் மேசை மேல், என் காகிதங்களின் மேலேயே உட்கார வைத்தார்.

"இவளுக்கு ஆறு மாசம் ஆச்சு. நாலு மாசமா இவ அப்பா இவளத் தொடல."

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"தூக்கலாம்னு சொன்னாங்க. அன்னிக்கே சொன்னாங்க. அவரு கேக்க மாட்டேங்கிறாரு. 'டாக்டருக்கு என்ன, சமாதானத்துக்குச் சொல்லுவாங்க. நம்ம செயலாளர் படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு. அவரே ஒதுக்குறாருன்னா காரணம் இருக்கும்'னு முன்ரூம்ல தனியாப் படுத்துக்கிறாரு. உங்க கையெழுத்தை அவரு டாக்டரை விட நம்பிட்டாரு அண்ணே. நீங்க போட்டதை நீங்களே வந்து எடுங்க."

குழந்தை என் முத்திரைக் கட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

நான் முதலில் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நூறு பேருக்கு இந்தக் கிருமி உள்ள போனாலும் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல ஒண்ணும் ஆகாது. உடம்பே பாத்துக்கும். அவருகிட்டேர்ந்து இப்ப ஒருத்தருக்கும் பரவாது. ஆனா உங்க ஆலையில அவருக்குப் பக்கத்துல வருஷக்கணக்கா நின்னவங்களை நான் பாக்கணும். நீங்க ஒருத்தரைத் துரத்துனதுல மத்தவங்க எல்லாம் பயந்து மறைச்சுக்குவாங்க. அதுதான் எனக்குக் கவலை" என்றார்.

பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். வாசல் அறை. ஒரு கட்டில், ஒரு தண்ணீர்க் குடுவை, மாத்திரை அட்டை. மாத்திரையால் அவர் நிறம் கறுத்திருந்தது. உள்ளறைக்கும் வாசலறைக்கும் நடுவே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை மழலை பேசிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் தெரியுமா? குழந்தை சிரித்தால் கை தானாக எழுந்துவிடுகிறதாம்!

என்னைப் பார்த்து எழுந்தார். நாற்காலி தூரமாக இருக்கட்டும் என்று தள்ளிப் போட்டார். எனக்காக! எனக்குத் தொற்றிவிடக் கூடாது என்று!

அவர் மனைவி அன்று ஒன்று சொன்னார். தினமும் மாலையில் குழந்தையைத் திரைக்கு உள்ளே மடியில் வைத்துக்கொள்வாராம். இவர் வெளியே இருந்து கேட்பாராம்.

"கன்னம் எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்கு."

"மெத்துன்னா? பாப்ளினா, சாட்டினா?"

"ரெண்டும் இல்லங்க."

"அலசின பருத்தியா?"

"பத்துத் தடவ அலசி, வெயில்ல காயவெச்சு, சூடு போறதுக்குள்ள மடிச்சா எப்படி இருக்கும், அப்படி."

அவர் கண்ணை மூடிக்கொள்வாராம். உலகத்துத் துணியையெல்லாம் தொட்டே பெயர் சொன்ன அந்த மனிதர், தான் பெற்ற பிள்ளையின் கன்னத்தை மனைவியின் சொல்லில் தடவிக்கொண்டிருந்தார், தாய்மார்களே!

அவர் என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவை சுருக்குனு வலிச்சாப் போதும்ங்க. இந்த விரல்ல. தேள் கொட்டுற மாதிரி வலிச்சாலும் சரி. கையிருக்கு, விரலிருக்கு, நகம்கூட வளருது. வெட்டுறேன். ஆனா யாரோ ஒருத்தர் கையை வாங்கி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. எனக்கு வலிக்கணும்ங்க."

நமக்குத் தலை வலித்தால் மாத்திரை, முதுகு வலித்தால் தைலம். வலியே வராதே வராதே என்று வாழ்கிறோம். வலியே வா வா என்று ஒரு மனிதர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சங்கக் கோப்பிலிருந்து கொண்டுபோயிருந்த அந்த மனுவை எடுத்தேன். நல்ல வசனமாக நாலு வரி யோசித்து வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டேன். "அண்ணே, நான் விவரம் தெரியாம போட்ட கையெழுத்து இது. படிச்சவன்னு நீங்க நெனச்சீங்க. நான் ஒரு வார்த்தைகூடப் படிக்கல. பயந்துட்டேன். டாக்டர் சொன்னதுதான் நிசம்" என்றேன். கிழித்தேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். அவர் இடது கையின் வெளி ஓரத்தை என் கையில் பிடித்துக்கொண்டேன்.

"பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

மனைவி திரையை விலக்கினார். குழந்தையை அவர் மடியில் வைத்தார். அவர் கைகள் ஆகாயத்திலேயே நின்றன. எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, ஒன்றும் தெரியவில்லை. குழந்தையோ தேடிப் போய் அவருடைய இடது சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது. இறுக்கிப் பற்றிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நல்லாப் பிடிச்சிருக்காளா?"

"விடவே மாட்டேங்கிறா."

"எனக்குத் தெரியலடி..."

"தெரியலன்னா என்னங்க? பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் ஆலை வாசலில் கூட்டம் போட்டேன். என் தப்பை என் வாயால் சொன்னேன். அறுபத்துநான்கு பேரில் சிலர் முறைத்தார்கள், சிலர் தலை குனிந்தார்கள். மூக்கைப் பொத்திய அந்தப் பெண் முதலில் வந்து தன் பெயரைத் திரும்பப் பெற்றார். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். டம்ளர் ஒன்று சேர ஐந்து மாதம் ஆயிற்று. ஆனால் அடுத்த வாரமே டாக்டரம்மா ஆலைக்கு வந்தார். ஐந்நூறு பேரைப் பார்த்தார். மூன்று பேருக்கு உணர்ச்சியில்லாத வெளிர்த் திட்டு இருந்தது. ஒருவர் இரண்டு ஆண்டாக முழுக்கைச் சட்டையால் மறைத்து வைத்திருந்தவர். மூவருக்கும் விரலுக்கு ஒரு பழுதும் வருவதற்கு முன்பே மருந்து தொடங்கிவிட்டது. இன்று மூவரும் நலமாக, நம்மைப் போலவே வம்பு பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

நெருப்பண்ணன் திரும்பி வந்தார். இஸ்திரி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் துணி சோதிக்கும் மேசையில் உட்கார்ந்தார். மாத்திரையை முடித்தார். கிருமி செத்தது. வலது கைக்குப் பாதிக்கு மேல் உணர்ச்சி திரும்பியது. இடது கைக்குத் திரும்பவில்லை. எட்டு ஆண்டாகத் திரும்பவில்லை. கிருமியைக் கொல்ல மருந்து இருக்கிறது. அது எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுக்க மருந்து இல்லை. சில சமயம் மதிய இடைவேளையில் பார்ப்பேன். சாட்டின் துண்டு ஒன்றை எடுத்து இடது சுண்டுவிரலில் வைத்து மெல்ல இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போல இருக்கும் அவர் முகம். பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஆகவே கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக் காலை இங்கே வாருங்கள். மரத்துப்போன திட்டு இருந்தால் காட்டுங்கள். சுட்டது தெரியவில்லை என்றால் சொல்லுங்கள். வெட்கமா? எதற்கு வெட்கம்? நுரையீரலில் வந்தால் நோய், நரம்பில் வந்தால் பாவமா? பக்கத்தில் இருப்பவருக்கு வந்தால் விலகாதீர்கள். விரைந்து வந்தால் விரல் மிஞ்சும். மறைத்து வைத்தால் மரத்ததுதான் மிஞ்சும். நாள் தள்ளாதீர்கள், நரம்பு காத்திருக்காது!

கடைசியாக ஒன்று. போன வாரம் பள்ளி விடும் நேரத்தில் அப்பாவும் மகளும் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். குட்டிக்கு இப்போது ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை. அப்பாவின் இடது கையை முழுவதும் பிடிக்காமல், கட்டைவிரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த விரலுக்கு வேறு நரம்பு, அது கெடவில்லை. எனக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியுமா? நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் குட்டி, கையைப் பிடிக்காம கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டுப் போற?"

என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மாமா, அப்பா இந்த விரல்லதான் இருக்காரு."

பேச இடமும், பிழையைச் சொல்லத் துணிவும் தந்த உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை சந்திப்போம். வணக்கம்.